காரியும் களமும்: வெல்லற்கரிய விலங்கு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

போட்டிக்களத்தில் இறக்கப்படும் ஒரு விலங்கு ஏனைய விலங்குகளைவிட அளவிறந்த வலிமை உடையதாயின், அதனைக் களத்தினின்றும் விலக்குதல் முறையாகுமா? மேலோட்டமாக நோக்குமிடத்து இது விளையாட்டு விதிகள் பற்றிய வினாவாகவே தோன்றும். ஆயின், விலங்கின் வலிமையை அளப்பவர் யார், எது மிகை எனத் தீர்ப்பவர் யார், அத்தீர்ப்பினாற் பயன்பெறுபவர் யார் என அடுத்தடுத்து வினவத் தொடங்கியதும் விளையாட்டின் எல்லையைக் கடந்து சமூக உறவுகளின் பரப்புக்குள் நாம் நுழைந்துவிடுகிறோம். இவ்வினா எழுவதற்கான நிலைமையைத் துல்லியமாகச் சித்திரித்த படைப்பு ஒன்று தமிழில் உண்டு. சி. சு. செல்லப்பா 1959இல் நூலாக வெளியிட்ட ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவலே அது. அதனை இவ்வினாவின் ஒளியில் வாசிப்பதும், அவ்வாசிப்பு மலையக மக்களின் வரலாற்றுக்கு உணர்த்துவது யாதென ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1

இன்று இவ்வினா மிகுதியும் விவாதிக்கப்படுவது உயிருள்ள விலங்குகளைப் பற்றியன்று; மின்னணு விளையாட்டுக்களிற் பொருதும் கற்பனை உயிரிகளைப் பற்றியே. 1996இல் யப்பானில் தோன்றிய போக்கிமொன் விளையாட்டை இன்று கினிகத்தேனைக் கடைவீதியில் பேருந்துக்குக் காத்துநிற்கும் மாணவனும் அறிவான். அவ்வரிசையில் 2014 நவம்பரில் வெளிவந்த ஆட்டங்களில் றேக்குவாசா என்னும் நாகவடிவ உயிரிக்குப் பேருரு ஒன்று வழங்கப்பட்டது. ஏனைய உயிரிகள் இத்தகைய பேருருவை எய்தவேண்டுமாயின் அதற்குரிய கல் ஒன்றைச் சுமந்திருத்தல் வேண்டும். அக்கல்லைச் சுமக்கும் உயிரி பயன் தரும் வேறொரு பொருளைச் சுமக்க முடியாது. வலிமைக்கு ஒரு விலை உண்டு என்பதே இவ்விதியின் உட்பொருள். றேக்குவாசாவுக்கு மட்டும் அவ்விலை விதிக்கப்படவில்லை. குறித்த ஒரு தாக்குதலைக் கற்றிருந்தாற் போதும்; கல் வேண்டியதில்லை.

போட்டி ஆட்டத்தில் ஈடுபட்டோர் தம்முள் அமைத்துக்கொண்ட படிநிலைகளில், மிகை வலிமை உடைய உயிரிகளுக்கென ஏற்கெனவே ஒரு தனிநிலை இருந்தது. றேக்குவாசாவின் பேருரு அந்நிலையினின்றும் விலக்கப்பட்டது. அதன் பின்னரே எதனையும் விலக்காத வேறொரு நிலை வகுக்கப்பட்டது. இங்கு கவனிக்கத்தக்கது விலக்கின் காரணமாகும். அவ்வுயிரி வலியது என்பதனால் மாத்திரம் அது விலக்கப்படவில்லை. வலியவற்றின் மத்தியிலேயே அது நின்றது. அதனை வைத்திருத்தல், அல்லது அதனை எதிர்கொள்வதற்கென்றே படையமைத்தல் என்னும் இரண்டையன்றி வேறு வழி எவருக்கும் இல்லாதுபோயிற்று என்பதே காரணம். பிறருடைய தெரிவுகளை அழிக்கும் வலிமை, போட்டியையே அழிக்கும் வலிமையாகும்.

மேலும் இரு கூறுகள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, அவ்வுயிரி எவருக்கும் தனியுடைமை அன்று. ஆட்டத்தை வாங்கிய எவரும் அதனைப் பெறலாம். மற்றையது, விலக்குவதா இல்லையா என விவாதித்து முடிவுசெய்தோர் களத்தில் இறங்கி ஆடியோரேயாவர். ஆட்டம் ஒரு நிறுவனத்தின் சரக்கு என்பதையும், அச்சரக்கை வாங்கவியலாதவன் களத்தின் வாயிலைக்கூடக் காண்பதில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. எனினும் களத்துள் நின்றோரிடையே ஒருவகைச் சமன்மை நிலவியது. உடைமையும் களத்தின் அதிகாரமும் ஒரே கையிற் குவிந்திருக்கும் சமுதாயத்தில் இவ்வினா எவ்வடிவத்தைப் பெறும் என்பதனை இனி நோக்குவோம்.

2

ஏறுதழுவுதல் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய விரிவான சித்திரிப்பு கலித்தொகையின் முல்லைக்கலிப் பகுதியில் உள்ளது. அங்கு காளையை வளர்ப்போரும் ஆயர், அதனைத் தழுவ முனைவோரும் ஆயர். காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் மணவாள் என்பது அச்சமுதாயத்தின் விழுமியம். எனவே காளை எத்துணைக் கொடியதோ அத்துணைச் சிறப்பு. வலிமை மிக்க காளையைத் தொழுவினின்றும் விலக்கவேண்டும் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. அது தழுவுவோனுக்கு வைக்கப்படும் தேர்வு. அத்தேர்வில் வென்றவன் காளையின் உரிமையாளனுக்குப் பகைவனாவதில்லை, உறவினனாகிறான்.

‘மாடு’ என்னும் சொல் செல்வத்தையும் குறித்தமை நாம் அறிந்ததே. கால்நடையே செல்வமாகவும், அச்செல்வம் குடியின் கூட்டு வாழ்வோடு பிணைந்ததாகவும் இருந்த முல்லைநில வாழ்க்கையின் நினைவு அப்பாடல்களிற் பதிந்துள்ளது. அவை தொகுக்கப்பட்ட காலத்தில் அவ்வாழ்க்கை அவ்வாறே நிலவியதெனக் கொள்ளவேண்டியதில்லை. இலக்கியம் பலவேளைகளில் மறைந்துபோன உறவுகளை இலட்சியமாக்கிப் பேணுவதுண்டு. விலங்கின் வலிமை தனியொருவனின் அதிகாரமாக மாறாத ஒரு நிலையைத் தமிழ்மரபு கற்பனை செய்து வைத்திருந்தது என்பதே இங்கு முதன்மையானது. அவ்வலிமை எப்போது அதிகாரமாக மாறியது என்ற வினாவுக்கு விடையாக அமைவது ‘வாடிவாசல்’.

3

‘வாடிவாச’லின் கதை எளிமையானது. செல்லாயி சல்லிக்கட்டுக்குப் பிச்சி என்னும் இளைஞன் தன் மைத்துனன் மருதனோடு வருகிறான். காரி என்னும் காளையே அவன் இலக்கு. காளை பிடிப்பதிற் பெயர்பெற்ற அவனது தந்தை அம்புலியைக் குத்தி மாய்த்தது அக்காளை. அதன் உடைமையாளர் சமீன்தார். பிச்சி காரியை அடக்குகிறான், காயமுறுகிறான். சினமும் வெறியும் மிக்குக் களத்தைவிட்டு ஓடிய காரியைச் சமீன்தார் தம் கையாலேயே சுட்டுக் கொல்கிறார். குறுகிய கால எல்லைக்குள், ஏறத்தாழ ஒரே இடத்தில், பேச்சுவழக்கின் உயிர்த்துடிப்போடு நிகழ்ச்சிகள் நகர்கின்றன.

இந்நாவலை மனிதனுக்கும் விலங்குக்குமிடையிலான ஆதி மோதலின் சித்திரமாகவும், தந்தைக்காக மகன் தீர்க்கும் பழியின் கதையாகவும் விளக்குவது பெருவழக்கு. ஹெமிங்வேயின் படைப்புகளோடு ஒப்பிட்டு நோக்குவதும் உண்டு. இவ்விளக்கங்கள் பிழையானவை அல்ல, ஆனால் குறையானவை. களத்தில் இருவர் நிற்பதாக அவை கொள்கின்றன. உண்மையில் மூவர் நிற்கின்றனர்: விலங்கு, அதனை அணைபவன், அதன் உடைமையாளன். மூன்றாமவர் களத்துள் இறங்குவதில்லை, மேலிருந்து பார்க்கிறார். ஆயினும் களத்தில் நிகழும் ஒவ்வோர் அசைவும் அவரை நோக்கியே பொருள்பெறுகிறது.

காரி வெல்லற்கரியதாய் இருப்பதன் இரகசியம் இங்கேதான் உள்ளது. அதன் கொம்பும் வேகமும் கூர்மதியும் ஐயத்துக்கிடமின்றி அதனுடையவை. ஆயினும் அது சமீன்தாரின் காளை என்பதே அதனைச் சூழ்ந்துள்ள அச்சத்தின் செம்பாதி. அதன்மேற் கைவைப்பது சமீன்தாரின் மதிப்பின்மேற் கைவைப்பதாகும் என்பதை அங்கு கூடியோர் அனைவரும் அறிவர். வாடிவாசலருகே நின்று பேசும் கிழவரின் சொற்களில் வீரத்தின் மீதான பெருமிதமும் அதிகாரத்தின் மீதான அச்சமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கொம்பு விலங்கின் வலிமை. அச்சம் உடைமையின் வலிமை. இரண்டும் ஒருங்கிணைந்தே காரியை வெல்லற்கரியதாக்கின. உற்பத்தி உறவு ஒன்று விலங்கின் உடலிற் குடிகொண்டு அதன் இயற்கைக் குணம்போலத் தோற்றமளிக்கிறது.

இந்நிலையில் எழுந்திருக்கவேண்டிய வினா ஒன்று நாவலில் எழவேயில்லை. ஆட்களைக் கொல்லும் இக்காளையைக் களத்தினின்றும் விலக்குங்கள் என்று எவரும் கேட்பதில்லை. அம்புலியின் மகனுங்கூட அதனைக் கேட்க வரவில்லை, அடக்கவே வருகிறான். கேட்பதாயின் எவரிடம் கேட்பது? காளைக்கு உடையவரே களத்திலும் மேலாண்மை உடையவர். மிகை வலிமை என்னும் தீர்ப்பை வழங்கக்கூடிய இடத்தில் இருப்பவரே அவ்வலிமையாற் சிறப்பெய்துபவராயின் அத்தீர்ப்பு ஒருபோதும் வழங்கப்பட மாட்டாது.

ஆனால் தீர்ப்பு வழங்கப்படுகிறது; நாவலின் இறுதியில். காரி வெல்லப்பட முடியாதிருந்த காலமெல்லாம் அது விலக்கப்படவில்லை. மனித உயிரைப் பறித்தபோதும் விலக்கப்படவில்லை. ஒருவன் அதனை வென்ற பின்னரே, உடையவரின் மதிப்பு ஊரறியக் குலைந்த பின்னரே, அதற்குத் தடை விதிக்கப்படுகிறது. அத்தடை துப்பாக்கிக் குண்டின் வடிவில் வருகிறது. காரி ஆட்களுக்கு ஊறுசெய்து ஓடியமையால் அதனைக் கொல்லவேண்டியதாயிற்று என வாதிடலாம். அவ்வாறாயின் அம்புலி மாய்ந்த அன்றே அது சுடப்பட்டிருக்கவேண்டும். அன்று அது பெருமை. இன்று அது இழிவு. விலங்கு மாறவில்லை, உடையவருக்கு அது உணர்த்தும் பொருளே மாறியது. மிகை வலிமை என்பது விலங்கின் பண்பு அன்று, களத்தை ஆள்பவரின் தீர்ப்பு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படைப்பு அரிது.

செல்லப்பா மார்க்சியர் அல்லர். காந்திய இலட்சியத்தில் ஊறியவர். 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழை நடத்தி, உருவத்துக்கும் அழகியலுக்கும் முதன்மை கொடுத்த இலக்கியக் கொள்கையை நிலைநாட்ட முயன்றவர். முற்போக்கு எழுத்தாளரும் விமரிசகரும் அவ்விதழின் போக்கோடு கடுமையாக முரண்பட்டமை தமிழ் இலக்கிய வரலாறு. ஆயினும் ஆசிரியரின் கொள்கையை வைத்தே படைப்பை அளந்துவிடுதல் இயக்கவியல் நோக்காகாது. 1888இல் மார்கரெட் ஹார்க்னெசுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ், பால்சாக்கின் அரசியற் சார்பையும் மீறி அவரது யதார்த்தவாதம் வெளிப்பட்டதைப் போற்றினார். செல்லப்பாவுக்கும் அது பொருந்தும். உருவத்தின் இறுக்கத்தையே நாடிய அவர், அவ்விறுக்கத்தின் காரணமாகவே விலங்கு, வீரன், உடைமையாளன் என்ற முக்கோணத்தைச் சிதறவிடாது காத்தார். சென்னை மாகாணத்தில் சமீன்தாரி முறையை ஒழிக்கும் சட்டம் 1948இல் இயற்றப்பட்டுப் பத்தாண்டுகள் கடந்த பின் இந்நூல் வெளிவந்தது. சட்டம் எடுத்தெறிந்த உறவு மக்களின் நெஞ்சில் எவ்வாறு எஞ்சிநின்றது என்பதற்கும் இது சான்றாகிறது.

4

உடைமை நேரடியாகத் துப்பாக்கி ஏந்தாத இடத்திலும் இத்தீர்ப்பதிகாரம் செயற்படுவதனை 2011இல் வெளிவந்த வெற்றிமாறனின் ‘ஆடுகளம்’ திரைப்படம் காட்டுகிறது. மதுரையைக் களமாகக் கொண்ட சேவற்சண்டை பற்றிய அப்படத்தில், பேட்டைக்காரன் என்னும் முதிய ஆசானாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலன். ஆசானின் சொத்து நிலமன்று. சேவல்களின் வர்க்கம் பற்றிய அறிவே. சீடன் கருப்பின் சேவல் களத்துக்கு உதவாதென அவர் தீர்க்கிறார். அதனை அறுத்துவிடச் சொல்கிறார். சீடன் கீழ்ப்படியாது அதனைக் களமிறக்குகிறான், சேவல் வெல்கிறது. அவ்வெற்றியை ஆசானாற் பொறுக்க முடிவதில்லை. எந்தச் சேவல் வலியது, எது எளியது என்று சொல்லும் உரிமையே அவரது அதிகாரம். அவ்வுரிமை கைநழுவியதும் அன்பு பகையாகிறது. அறிவும் தனியுடைமையாகும்போது சமீன்தாரின் குணம் அதற்கு வந்துவிடுகிறது.

சல்லிக்கட்டுப் பற்றிய அண்மைக்கால வழக்குகளிலும் இவ்வினாவின் சாயலைக் காணலாம். இந்திய உச்சநீதிமன்றம் 2014 மே மாதத்தில் அதனைத் தடைசெய்தது. 2017 சனவரியில் மெரீனாவிலும் தமிழகத்தின் பிற இடங்களிலும் எழுந்த பேரெழுச்சியின் பின் மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதத்தில் அரசியலமைப்பு ஆயம் அத்திருத்தம் செல்லும் எனத் தீர்த்தது. இவை அனைத்தும் விளையாட்டு முழுமையையும் பற்றியவை. களத்துள் எவ்விலங்கு வரலாம் என்ற வினா வேறொரு வழக்கில் எழுந்தது. 2021 செப்டெம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நாட்டினக் காளைகளை மட்டுமே சல்லிக்கட்டில் அனுமதிக்கவேண்டும், அயலினக் கலப்பினக் காளைகளை விலக்கவேண்டும் எனப் பணித்தது. அயலினக் காளைகளுக்குத் திமில் சிறுத்திருப்பதால் அணைபவர் பற்றுதற்கு இடமில்லை என்பது அங்கு எடுத்துரைக்கப்பட்ட நியாயங்களுள் ஒன்றாகும்.

இந்நியாயம் ஆராயத்தக்கது. திமிலைத் தழுவுதலே விளையாட்டாயின், திமிலற்ற விலங்கு வலிமை மிகுந்ததன்று, விளையாட்டையே இல்லாததாக்குவது. கல்லைச் சுமக்காது பேருரு எய்திய றேக்குவாசாவைப் போன்றே அது களத்தின் அடிப்படை ஒப்பந்தத்தை மீறுகிறது. எனவே விலக்குக்குரிய அளவுகோல் ஒன்று இங்கு கிடைக்கிறது. வலிமையின் அளவு அன்று, எதிர்நிற்போனுக்கு ஒரு வழியேனும் எஞ்சியுள்ளதா என்பதே அவ்வளவுகோல். ஆயின் இவ்வளவுகோல் முழுமையானதன்று. திமில் உள்ள காரியும் உடைமையின் அச்சத்தால் எதிர்நிற்போரின் வழிகளை அடைத்துவிட்டதே! விலங்கின் உடலை மட்டும் அளக்கும் சட்டம் அவ்வச்சத்தை அளக்காது. சமமற்றோர் மீது ஒரே அளவுகோலைப் பிரயோகிக்கும் சமவுரிமை அதன் உள்ளடக்கத்தில் சமமின்மையின் உரிமையே என 1875இல் கோதா வேலைத்திட்டம் பற்றிய விமரிசனத்தில் மார்க்ஸ் சுட்டியதை இங்கு நினைவுகூரலாம்.

5

இவ்விவாதம் மலையகத்துக்கு என்ன உறவுடையது? கொழும்பிலிருந்து அட்டன் செல்லும் வீதியும் நாவலப்பிட்டியிலிருந்து வரும் வீதியும் கூடும் கினிகத்தேனையிலிருந்து மேலேறிச் செல்லுந்தோறும் விரியும் தோட்டங்களில் வாழும் மக்களின் முன்னோர் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை முதலாய பகுதிகளிலிருந்து வந்தோராவர். அவற்றுட் பல சல்லிக்கட்டு வழங்கும் பகுதிகள். அம்மக்கள் காமன் கூத்தைக் கொண்டுவந்தனர், பொன்னர் சங்கர் கதையைக் கொண்டுவந்தனர், தப்பைக் கொண்டுவந்தனர். வாடிவாசலைக் கொண்டுவரவில்லை. பாட்டும் கூத்தும் உடலோடும் நினைவோடும் வருவன. காளைக்கோ நிலம் வேண்டும், மேய்ச்சல் வேண்டும், ஓய்வு வேண்டும், களம் அமைக்க ஊர் வேண்டும். லயத்து அறையும் நாட்கூலியும் இவற்றுள் எதனையும் தரவில்லை. மலையக நாட்டார் கலைகளை ஆராய்வோர் வந்தவற்றைப் பட்டியலிடுவதோடு அமையாது, வரவியலாதுபோனவற்றையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். இல்லாமையும் ஒரு வரலாற்றுச் சான்றே.

2024 சனவரியில், அப்போது கிழக்கு மாகாண ஆளுநராக இருந்த, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவரான செந்தில் தொண்டமானின் முன்னெடுப்பில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரிற் சல்லிக்கட்டு நடத்தப்பட்டது. பண்பாட்டு மீட்பென அதனை மகிழ்ந்து வரவேற்றோர் பலர். அம்மகிழ்ச்சியை எள்ளுவது நம் நோக்கமன்று. ஆயின் ‘வாடிவாச’லைக் கற்றவன் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: களத்துக்குக் காளையை அனுப்பவல்லோர் யார், களத்தில் உடலை வைக்கவேண்டியோர் யார்? ஒரு மரபை மீட்கும்போது அம்மரபினுள் உறைந்த உறவுகளும் கூடவே மீள்கின்றனவா என்பதை ஆராயாத பண்பாட்டுப் பெருமிதம் அரைகுறையானதே.

இனி, மலையக மக்கள் தாமே ஒரு களத்தினின்றும் விலக்கப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் தம் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸின் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளரின் வெற்றிக்கும் துணைநின்றனர். அவர்களின் வலிமை அன்று வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களுட் பெரும்பாலோரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றோராக்கின. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. மனிதரை விலங்கோடு ஒப்புமைப்படுத்துவது இங்கு கருத்தன்று. தீர்ப்பின் பொறிமுறையே கருத்து. பிறருடைய வழிகள் எவற்றையும் அத்தொழிலாளர் அடைத்துவிடவில்லை. ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு என்ற பொதுவிதியின்படியே நின்றனர். ஆயினும் களத்தை ஆள்வோருக்கு அவ்வலிமை மிகையெனப் பட்டது. சமீன்தாரின் காளை உயிரைப் பறித்தும் விலக்கப்படவில்லை. கொழுந்து பறித்தோர் வாக்களித்தமைக்காகவே விலக்கப்பட்டனர். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் மிகை வலிமை என்னும் சொல்லின் வர்க்கச் சார்பு விளங்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். வெல்லற்கரிய விலங்கை விலக்குதல் சிலவேளைகளில் முறையே. எதிர்நிற்போருக்கு எவ்வழியும் எஞ்சாதபோது போட்டி என்ற பெயர் பொய்யாகிறது. அப்பொய்யைக் காப்பதில் நீதி இல்லை. ஆனால் அவ்விலக்கை விதிக்கும் உரிமை களத்தில் இறங்குவோருக்கே உரியதாதல் வேண்டும். விலங்கின் உடையவரும் களத்தின் ஆளுநரும் ஒருவரேயாயின், விலக்கப்படாமையும் அநீதி, விலக்கும் அநீதி. இவ்வகையில், கற்பனை உயிரிகளைப் பற்றித் தம்முள் வாதிட்டு முடிவுசெய்த இளைஞரின் வழக்கத்தில், அவர்தாம் அறியாத ஒரு சனநாயக வித்து உண்டு. அவ்வித்து கைப்பேசித் திரையோடு நின்றுவிடுமா, கூலியும் நிலமும் வாக்கும் தீர்மானிக்கப்படும் களங்களுக்கும் பரவுமா என்பது இலக்கியம் தீர்க்கக்கூடிய வினா அன்று.

இலக்கியம் செய்யக்கூடியதை ‘வாடிவாசல்’ செய்தது. நம் கண்களைக் காளையின் கொம்பிலிருந்து உயர்த்தி, மேலே அமர்ந்திருப்பவரின் கையை நோக்கச் செய்தது.